3.6 கிலோமீட்டருக்கு 57 நிமிஷம்: ஒரு ஸ்கூல் பஸ் கேஸ்

மருமகனோட தண்ணி பாட்டில் காலைல ரொப்பி அனுப்புன மாதிரியே மத்தியானம் திரும்பி வர ஆரம்பிச்சது பிப்ரவரி கடைசில. தங்கச்சி மொதல்ல கண்டுக்கல, புது ஸ்கூல், பிரைமரி ஒன்னு, வெளையாட்டு மும்முரத்துல மறந்துருப்பான்னு விட்டுட்டா. ரெண்டு வாரம் கழிச்சு கிளாஸ் டீச்சர் மெசேஜ் போட்டாங்க, பையன் ரீசெஸ்ல கூட தண்ணி குடிக்க மாட்டேங்குறான், மொத பீரியட்ல தலையத் தொங்கப் போட்டு உக்காந்திருக்கான், வீட்ல எதாச்சும் மாற்றமான்னு. மச்சான் பயந்துட்டாரு. பாலிகிளினிக், அதாவது இங்க சிங்கப்பூர்ல அரசாங்க கிளினிக், அங்க கூட்டிட்டுப் போயி யூரின் டெஸ்ட் எல்லாம் எடுத்தாங்க, ஒன்னுமில்லன்னு வந்துச்சு.

அந்த வாரம் ஞாயித்துக்கெழம நான் அவன தேக்கா கூட்டிட்டுப் போயிருந்தேன். ஒரு பெரிய கிளாஸ் மோர் வாங்கிக் குடுத்தா ஒரே மூச்சுல காலி பண்ணிட்டு இன்னொன்னு கேக்குறான். ஏன்டா ஸ்கூல்ல மட்டும் குடிக்க மாட்டேங்குறன்னு சும்மா கேட்டேன். "பஸ்ல ஒன்னுக்கு வந்தா அங்கிள் நிறுத்த மாட்டாரு மாமா, ஒரு தடவ வந்துருச்சு"ன்னான். அவ்ளோதான், அதுக்கு மேல பேசல. தங்கச்சிகிட்ட கேட்டப்பதான் ஜனவரில ஒரு நாள் டவுசர் ஈரமா வந்துச்சு, தண்ணி கொட்டிட்டேன்னு சொன்னான், நானும் துவைக்கப் போட்டுட்டு மறந்துட்டேன்னு சொல்றா.

நான் டெலிவரி லாரிக்கு ரூட்டு போடுற வேலைல 11 வருஷமா இருக்கேன். ஒரு லாரி லேட்டா போச்சுன்னா டிரைவர திட்டிட்டு விட்டுட முடியாது, ஏன் லேட்டு, அது ஏன், அது ஏன்னு அஞ்சு தடவ கேட்டு ஒரு பேப்பர்ல எழுதி வைக்கணும். மருமகன் கேஸையும் அப்படித்தான் எழுத ஆரம்பிச்சேன், அந்தப் பேப்பர்தான் இது. ஸ்கூல் பேரு, பஸ் கம்பெனி பேரு எதுவும் போடல, போட்டா கத அவங்கள பத்தினதா ஆயிடும், விஷயம் அது இல்ல.

வீடு ஃபெர்ன்வேல்ல. ஸ்கூல் ஹவ்காங்ல. வரைபடத்துல நேரா கோடு போட்டா 2.3 கிலோமீட்டர், நடுவுல சுங்கை பொங்கோல் ஆறு குறுக்க ஓடுது. ரோட்டுல போனா 3.6. மச்சான் லீவு நாள்ல கார் வாடகைக்கு எடுத்தப்ப ஓட்டிப் பாத்தாரு, 11 நிமிஷம். பஸ் அவன ஏத்துறது காலைல 5:58க்கு, ஸ்கூல்ல எறக்குறது 6:55க்கு. ஸ்கூல் தொடங்குறது 7:30க்கு, அதுவரைக்கும் கேண்டீன்ல உக்காந்திருக்கணும். வீட்ட விட்டு கெளம்பி மொத பெல் அடிக்கிறதுக்குள்ள ஒன்ர மணி நேரம் போயிடுது, அதுல பாதிக்கு மேல டாய்லெட் இல்லாத பஸ்ல. சாயங்காலம்னு சொல்ல முடியாது, மத்தியானம் 1:30க்கு விட்டா வீட்டுக்கு வர 2:50. காலைல மொத ஆளா ஏறுறான், மத்தியானம் கடைசி ஆளா எறங்குறான், மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடிங்குற மாதிரி.

இதே ஸ்கூலுக்கு பொங்கோல்லேர்ந்து ஒரு சின்ன வேன் வருது. அதுல வர்ற ஒரு பொண்ணு இவன் கிளாஸ்தான், வீடு 6 கிலோமீட்டர் தள்ளி, கடைசி ஸ்டாப்பு, 20 நிமிஷத்துல ஸ்கூல்ல இருக்கா. தூரம் இவன விட கிட்டத்தட்ட ஒன்னே முக்கா மடங்கு, நேரம் மூணுல ஒரு பங்கு. பிள்ளைக்கு ஸ்கூல் எவ்ளோ தூரம்னு எல்லாரும் கேக்குறாங்க, நானும் முன்னாடி அப்படித்தான் கேப்பேன், இப்ப எத்தனாவது ஆளா ஏறுதுன்னு கேக்குறேன்.

பைக்ல பின்னாடியே போன காலை

மார்ச் ரெண்டாவது வாரம் ஒரு நாள் வேலைக்கு லேட்டா வர்றேன்னு சொல்லிட்டு பைக்க எடுத்துட்டு பஸ் பின்னாடியே போனேன். ஸ்பீட பாக்கவோ டிரைவர் மேல குத்தம் கண்டுபிடிக்கவோ போகல, அவரு அறுபத தாண்டுன சீன அங்கிள், நல்லா பதமாத்தான் ஓட்டுனாரு. 14 ஸ்டாப்பு, 22 பிள்ளைங்க. ஃபெர்ன்வேல்ல ரெண்டு இடம், அப்பறம் ஜாலான் காயு ஓரமா போயி திரும்பி ஆங்கர்வேல், அங்கேர்ந்து காம்பஸ்வேல், ரிவர்வேல், புவாங்கோக், அதுக்கப்புறம்தான் ஹவ்காங். மொத்தம் 13.8 கிலோமீட்டர் ஓடுச்சு. ஓடிக்கிட்டிருந்த நேரம் 33 நிமிஷம், நின்ன நேரம் 24 நிமிஷம். ஒரு இடத்துல மட்டும் ஒரு பாப்பா லிஃப்ட்டுக்கு காத்திருந்து வர நாலு நிமிஷம், பஸ் ஆன்ட்டி போன் போட்டுக்கிட்டே நிக்குறாங்க, உள்ள மருமகன் ஜன்னல்ல தலைய சாச்சு தூங்குறது தெருவெளக்கு வெளிச்சத்துல எனக்குத் தெரியுது.

தெருவெளக்குன்னு சொன்னேன்ல, அது ஒரு தனி கத. இங்க சூரியன் உதிக்கவே ஏழு மணி ஆகுது, ஜனவரி பிப்ரவரில இன்னும் கொஞ்சம் தள்ளி. பூமத்திய ரேகைக்கு பக்கத்துல இருக்குற ஊர்ல இது ஏன்னா, 1982 ஜனவரி 1 அன்னிக்கு கடிகாரத்த அர மணி நேரம் முன்னாடி தள்ளி வச்சாங்க, மலேசியா தன்னோட நேரத்த ஒன்னாக்குனப்ப நாமளும் சேந்து மாத்திக்கிட்டோம். அன்னேலேர்ந்து நம்ம ஊரு 6 மணி, சூரியனுக்கு காலைல அஞ்சு மணி கணக்குதான். 5:15க்கு பிள்ளைய எழுப்புறது எவ்ளோ கஷ்டம்னு பெத்தவங்களுக்குத் தெரியும், அது இருட்டுல எழுப்புறதுங்கறதால இன்னும் கஷ்டம். 6 லேந்து 12 வயசு பிள்ளைக்கு 9 லேந்து 12 மணி நேரத் தூக்கம் வேணும்னு அமெரிக்காவுல தூக்க மருத்துவர்கள் சங்கம் 2016ல சொல்லியிருக்கு. குறைஞ்சபட்சம் 9னு வச்சாலே இவன் 8:15க்கு தூங்கணும். மச்சான் ஷிப்யார்டுலேர்ந்து வீட்டுக்கு வர எட்டரை ஆகுது. அப்ப வார நாள்ல அப்பன் முகத்தையே பாக்காம தூங்கணும், இல்லாட்டி தூக்கத்த கொறைக்கணும். அவன் தூக்கத்த கொறைச்சான், எந்தப் பிள்ளையும் அப்பாவத்தான் தேர்ந்தெடுக்கும்.

ஏன் 5:58

பஸ் ஆன்ட்டிகிட்ட பேசுனேன், அவங்க நல்லா பேசுனாங்க, மலாய்க்கார அம்மா, கொஞ்சம் தமிழும் தெரியுது, சம்பந்தமே இல்லாம அவங்க பக்கத்து வீட்டு தமிழ் குடும்பத்து பொங்கல் பத்தியும் சொன்னாங்க. 5:58க்கு காரணம் என்னன்னா எங்க ஸ்கூல்ல பிள்ளைங்கள 6:55க்கு தள்ளிட்டு, அதே பஸ் இன்னொரு ஸ்கூலுக்கு ரெண்டாவது நடை ஓடி 7:25க்குள்ள அங்க கொண்டு விடணும். அதாவது நாம மொத நடை. மொத நடைல மொத ஸ்டாப்பு. லாட்டரில ரெண்டு தடவ விழுந்த மாதிரி.

ரெண்டு நடை ஏன் ஓடணும்? இங்கதான் எனக்கே புது விஷயம் புரிஞ்சுச்சு. நாங்க படிச்ச காலத்துல தொடக்கப்பள்ளில காலை செஷன், மத்தியான செஷன்னு ரெண்டு இருந்துச்சு, நான் பிரைமரி மூணு வரைக்கும் மத்தியானம்தான் போனேன், காலைல கார்ட்டூன் பாத்துட்டு சோறு சாப்ட்டுட்டு போவோம். ஒரு பஸ்ஸு காலைல ஒரு கூட்டத்த விட்டுட்டு, மத்தியானம் இன்னொரு கூட்டத்த கொண்டு வந்து, வந்த பஸ்லயே காலைக் கூட்டத்த ஏத்திட்டுப் போயி, சாயங்காலம் மறுபடி வரும். நாள் முழுக்க பஸ்ஸுக்கு வேலை, டிரைவருக்கு வருமானம். 2009ல ஒரு கமிட்டி எல்லாத் தொடக்கப்பள்ளியும் ஒரே செஷனாகணும்னு பரிந்துரை பண்ணி, 2016க்குள்ள அது முடிஞ்சுச்சு. பிள்ளைங்களுக்கு அது நல்லதுதான், நான் குறையே சொல்லல, வகுப்பறை கிடைக்குது, சிசிஏவுக்கு, அதாவது பாடம் தவிர்த்த வெளையாட்டு மாதிரி நடவடிக்கைகளுக்கு, நேரம் கிடைக்குது. ஆனா பஸ் கணக்குல பாத்தா தீவு முழுக்க எல்லா ஸ்கூலும் 7:30 பக்கத்துலயே தொடங்கி 1:30 பக்கத்துலயே விடுது. எல்லாருக்கும் பஸ் வேண்டியது அதே முக்கா மணி நேரத்துல. மத்த நேரம் பஸ் சும்மா நிக்குது, இல்லாட்டி தொழிற்சாலை ஆளுங்கள ஏத்துது, டூரிஸ்ட்ட ஏத்துது. அந்த வேலைல காசு அதிகம், பிள்ளைங்க வாந்தி எடுக்குறதும் இல்ல. டிரைவருங்க வயசாகி வேலைய விடுறாங்க, புதுசா வர்றவங்க காலைல நாலரைக்கு எழுந்திரிச்சு, நடுவுல அஞ்சு மணி நேரம் சும்மா இருந்து, மறுபடி ஓட்டுற வேலைக்கு வர மாட்டேங்குறாங்க. அதனாலதான் கம்பெனிங்க நடுவருஷத்துல கான்ட்ராக்ட்ட விட்டுட்டுப் போற செய்தி அப்பப்ப வருது. எங்க லாரி தொழில்ல வாடிக்கையாளர் எல்லாரும் காலை 8 மணிக்கே சரக்கு வேணும்னு சொன்னா என்ன ஆகும்னு எனக்கு தெரியும், அதேதான் இங்கயும்.

ஸ்கூல் 7:30க்கு முன்னாடி தொடங்கக்கூடாதுன்னு கல்வி அமைச்சு சொல்லியிருக்கு, ஆனா அதுக்கப்புறம் எப்ப வேணா தொடங்கலாம். 2016ல ஒரு பெண்கள் உயர்நிலைப்பள்ளி 7:30ஐ 8:15 ஆக்குனுச்சு, பிள்ளைங்க கூடுதலா தூங்குனாங்கன்னு டியூக் என்யூஎஸ் மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சில வந்துச்சு. அத எல்லாரும் தூக்கம்னு மட்டும்தான் பேசுனாங்க. ஒரு வட்டாரத்துல பாதி ஸ்கூல் 7:30க்கும் பாதி 8:10க்கும் தொடங்குனா அதே பஸ்ஸு அதே டிரைவர வச்சே ரெண்டு நடைய மனுஷன் ஓட்டுற மாதிரி ஓட்டலாம், மொத நடைய இருட்டுல தள்ள வேண்டியதில்ல. ஆனா 8:10ன்னா அப்பா அம்மா வேலைக்குப் போற நேரம் இடிக்கும், அதுவும் எனக்குத் தெரியும்.

ஏன் அந்த ஸ்கூல்

மச்சானோட அம்மா ஊர்லேர்ந்து, தஞ்சாவூர் பக்கம், மூணு மாசத்துக்கு வந்திருந்தாங்க. அவங்க கேட்டது ஒரே கேள்விதான், "எதுத்தாப்ல பள்ளிக்கூடம் தெரியுதே, அதுல ஏன் சேக்கல?" வீட்டு ஜன்னல்லேர்ந்து பாத்தா நெஜமாவே ஒரு ஸ்கூல் திடல் தெரியும். ஊர்ல 2009 கல்விச் சட்டத்துப்படி அஞ்சாப்பு வரைக்கும் 1 கிலோமீட்டருக்குள்ள பள்ளி இருக்கணும், எட்டாப்பு வரைக்கும் 3 கிலோமீட்டர், அவங்க அங்க பஞ்சாயத்துல இருந்தவங்க, அதனால கேள்விய விடல.

பதில் நீளம். இங்கயும் 1 கிலோமீட்டர் இருக்கு, ஆனா அது உரிமை இல்ல, வரிசை. பி1னு சொல்ற பிரைமரி ஒன்னு பதிவுல மொதல்ல அண்ணன் அக்கா அங்க படிச்சா எடம் உறுதி, அப்பறம் அப்பா அம்மா படிச்ச ஸ்கூல், அப்பறம் தொண்டூழியம் செஞ்சவங்க, கடைசில 2சி கட்டம், அங்கதான் எந்தத் தொடர்பும் இல்லாதவங்க வரிசைல நிக்கிறோம். அதுக்காக 2சிக்கு 40 எடம் ஒதுக்கி வச்சிருக்காங்க, முன்னாடி 20ஆ இருந்துச்சு. எடத்த விட ஆளு அதிகமானா தூரம் பாப்பாங்க, 1 கிலோமீட்டருக்குள்ள, 1 லேந்து 2, 2க்கு வெளிய. ஆனா இதுல எல்லாரும் பேசாம போற ஒரு வரி இருக்கு, குடியுரிமை தூரத்துக்கு முன்னாடி வரும். 2 கிலோமீட்டருக்கு வெளிய இருக்குற சிட்டிசன் பிள்ளைக்கு அப்புறம்தான் 1 கிலோமீட்டருக்குள்ள இருக்குற பிஆர், அதாவது நிரந்தரவாசி பிள்ளை. மருமகன் பிஆர். அதுல தப்பு சொல்ல நான் வரல, நானே சிட்டிசன், என் பிள்ளைக்கு அந்த வரிசை உதவிச்சு. ஆனா தங்கச்சி ஒன்மேப்ங்கற அரசாங்க வரைபடத் தளத்துல தூரம் அளந்து அளந்து பாத்துட்டு 640 மீட்டர்னு சந்தோஷப்பட்டுக்கிட்டிருந்தா, அந்த 640க்கு அர்த்தமே இல்லன்னு பதிவு வாரத்துலதான் புரிஞ்சுது.

அளக்குறதும் நேர்கோடுதான், பிள்ளை நடக்குற பாதை இல்ல. இப்ப ஸ்கூலோட நில எல்லையத் தொட்டு அளக்குறாங்க, முன்னாடி ஸ்கூலுக்குள்ள ஒரு புள்ளிலேர்ந்து அளந்தாங்க, இது கொஞ்சம் தாராளம். ஆனா ஆறு இருந்தாலும் எக்ஸ்பிரஸ்வே இருந்தாலும் கோடு தாண்டிப் போயிடும், பிள்ளை போகுமா.

ரெண்டாவது ஒரு ஸ்கூல் பக்கத்துலயே இருந்துச்சு, அங்க தமிழ் இல்ல. எல்லாத் தொடக்கப்பள்ளியிலயும் தமிழ் வகுப்பு இருக்குறதில்ல, பிள்ளைங்க எண்ணிக்கை கம்மின்னா வேற ஒரு மையத்துக்குப் போயி படிக்கணும், அப்ப மத்தியானம் இன்னொரு பயணம். எங்க பெரியப்பா பொண்ணு உயர்நிலைப்பள்ளில படிச்சப்ப வாரா வாரம் பீட்டி ரோட்டுல இருக்குற உமறுப்புலவர் தமிழ் மொழி நிலையத்துக்குப் போயிட்டு வந்தா, தமிழ் படிக்கிறதுன்னா அவளுக்கு வடகிழக்கு ரயில் லைன்ல தூங்குறதுதான். தமிழ்க் குடும்பங்க தூரம் பாக்குறப்ப இந்த இன்னொரு தூரத்தையும் சேத்துத்தான் பாக்குறோம், 1 கிலோமீட்டர் வட்டத்துக்குள்ள தமிழ் இருக்கான்னு. கடைசில, 2சில எடம் கிடைக்காதவங்களுக்கான 2சி துணைக் கட்டத்துல எடமும் தமிழும் ரெண்டும் இருந்தது ஹவ்காங் ஸ்கூல்தான். மச்சான் அம்மாகிட்ட இவ்ளோவும் சொல்லி முடிச்சப்ப, "அப்ப ஆத்துக்கு அந்தப் பக்கம் பொண்ணு குடுத்த மாதிரி"ன்னாங்க.

என்னென்ன பண்ணிப் பாத்தோம்

பெல்ட்டு போட்ட வேனுக்கு மாத்தலாம்னு பாத்தோம், 2008ல ஒரு சின்ன பஸ் விபத்துல சிறுவன் ஒருத்தன் இறந்ததுக்கு அப்புறம் சின்ன பஸ்ஸுங்கள்ல பெல்ட்டு கட்டாயமாச்சு. பொங்கோல் வேன்காரரு ஃபெர்ன்வேலுக்கு வர மாட்டேன்னுட்டாரு.

அடுத்த பிளாக்குல அதே ஸ்கூல் பையன் ஒருத்தன் இருக்கான், அவங்க அப்பா காரு வச்சிருக்காரு, சேந்து போலாம்னாரு, பெட்ரோல் காசு குடுங்கன்னாரு. 2015லேர்ந்து இப்படி செலவ பகிர்ந்துக்குற கார்பூல் சட்டப்படி சரி, ஒரு நாளைக்கு ரெண்டு தடவைக்கு மேல கூடாது, லாபம் வைக்கக்கூடாது. 1.35 மீட்டர் உயரத்துக்குக் கீழ இருக்குற பிள்ளைக்கு பூஸ்டர் சீட்டு வேணும், தங்கச்சி உடனே வாங்கிட்டா. ஒன்பது நாள் நல்லா போச்சு. பத்தாவது நாள் அவருக்கு ஷிஃப்ட்டு மாறிடுச்சு. பூஸ்டர் சீட்டு இப்ப என் வீட்டு ஸ்டோர் ரூம்ல இருக்கு, யாருக்காச்சும் வேணும்னா சொல்லுங்க.

ஸ்கூல் பக்கத்துல வாடகைக்குப் போயிடலாமான்னு மச்சான் ஒரு ராத்திரி முழுக்க கணக்கு போட்டாரு. தூரத்த காட்டி எடம் வாங்குனா அந்த அட்ரஸ்ல 30 மாசமாச்சும் இருக்கணும்னு விதி இருக்கு, ஆனா இவங்க தூரத்த காட்டி எடம் வாங்கலயே, அதனால போலாம்தான். ஆனா சொந்த பிளாட்ட விட்டுட்டு எங்க போறது, ஒரு பையன் ஒன்னுக்குப் போற பிரச்சனைக்கு வீடு மாத்துறதான்னு தங்கச்சி சிரிச்சிட்டா, சிரிச்சிட்டு அப்பறம் அழுதுட்டா.

பாட்டிதான் மொத நல்ல வழிய காமிச்சாங்க. அவங்களுக்கு எல்ஆர்டி ரொம்பப் பிடிச்சுப் போச்சு, டிரைவரே இல்லாத ரயிலுன்னு ஊருக்கு வீடியோ கால்ல காட்டிக்கிட்டே போவாங்க. ஒரு காலைல அவங்களும் பேரனும் ஃபெர்ன்வேல் ஸ்டேஷன்ல ஏறி, செங்காங்ல மாறி, வடகிழக்கு லைன்ல ரெண்டு ஸ்டேஷன், ஹவ்காங்ல எறங்கி நடந்து போனாங்க. 6:40க்கு கெளம்பி 7:17க்கு ஸ்கூல் கேட்டு, 37 நிமிஷம். பஸ்ஸ விட 20 நிமிஷம் கம்மி, வீட்லேர்ந்து 42 நிமிஷம் லேட்டா கெளம்பலாம், வழில ஸ்டேஷன்ல டாய்லெட் இருக்கு. இந்த வழில புவாங்கோக் ஸ்டேஷன் வருது, 2003ல லைன் தொறந்தப்ப அந்த ஸ்டேஷன ஆளு பத்தாதுன்னு பூட்டியே வச்சிருந்தாங்க, 2005ல யாரோ, செலவு பண்ணிட்டு உபயோகமில்லாம கெடக்குற பொருளுன்னு குத்திக் காட்ட, எட்டு அட்டை வெள்ளை யானைங்கள வெளிய நிப்பாட்டி வச்ச கூத்து பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும், 2006 ஜனவரில தொறந்தாங்க. பேரன் அதுல யானை எங்கன்னு தினமும் தேடுவான். அந்த ஏழு வாரம் தண்ணி பாட்டில் பாதிக்கு மேல காலியா வந்துச்சு.

அப்பறம் பாட்டிக்கு விசா முடிஞ்சு போச்சு. ஏழு வயசுப் பிள்ளைய ரெண்டு ரயில் மாத்தித் தனியா அனுப்ப யாருக்கும் மனசு வரல. அப்பதான் பஸ் கம்பெனிகிட்ட நான் போனேன், கையில என் பேப்பரோட. ரூட்ட மாத்தச் சொல்லி கேக்கல, ஸ்டாப்ப கொறைக்கச் சொன்னேன். ஒரு பிளாக்குக்கு ஒரு ஸ்டாப்புன்னு இருக்குறத ரெண்டு மூணு பிளாக்குக்கு ஒன்னா சேத்தா, 14ங்கறது 9 ஆகும். மழை வந்தா நனையுமேன்னு சொல்லுவாங்கன்னு தெரியும், அதனால கூரை போட்ட நடைபாதை இருக்குற எடமா பாத்து குறிச்சிருந்தேன், 2013ல தொடங்குன திட்டத்துல எல்ஆர்டி ஸ்டேஷனச் சுத்தி 200 மீட்டருக்கு கூரைப் பாதை போட்டாங்க, நமக்கு அதுவே போதும். கம்பெனிக்காரரு நல்ல மனுஷன், பெத்தவங்க ஒத்துக்கிட்டா எனக்கு ஆட்சேபணை இல்லன்னுட்டாரு. பெத்தவங்க வாட்சப் குரூப்புல போட்டேன்.

அங்கதான் வாங்கிக் கட்டிக்கிட்டேன். ஒருத்தரு நாங்க காசு குடுக்குறதே வாசல்ல வந்து ஏத்தத்தான்னாரு. ஒருத்தரு உங்க பையனுக்கு பிரச்சனைன்னா உங்க பையன நீங்க பாருங்கன்னாங்க. அதுல ஒரு அம்மா மட்டும் தனியா மெசேஜ் போட்டாங்க, என் பொண்ணும் தண்ணி குடிக்கிறதில்ல, நான் அது வேற எதுவோன்னு நெனச்சேன்னு. அவங்க ரெண்டாவது ஸ்டாப்பு. கடைசில நாலு குடும்பம் ஒத்துக்கல, 14 ஸ்டாப்பு 11 ஆச்சு. அதுக்கப்புறம் 57 நிமிஷம் 48 ஆச்சு. ஒன்பது நிமிஷம். எங்க ஆபிஸ்ல ஒரு ரூட்டுல ஒன்பது நிமிஷம் கொறைச்சா கேக்கு வெட்டுவாங்க. மருமகன் 6:07க்கு ஏறுனான், தண்ணி குடிக்கல.

இங்கிலாந்துல இதுக்கு ஒரு கணக்கு இருக்குன்னு அப்பதான் படிச்சேன். 8 வயசுக்குக் கீழ 2 மைல், அதுக்கு மேல 3 மைல், அந்தத் தூரத்துக்கு மேல பக்கத்துல பொருத்தமான ஸ்கூல் இல்லன்னா கவுன்சில் இலவசமா கூட்டிட்டுப் போகணும், அதுவும் நேர்கோடு இல்ல, நடக்குற பாதைய அளக்குறாங்க. அதுக்கு மேல, தொடக்கப்பள்ளிப் பிள்ளை ஒரு வழிக்கு 45 நிமிஷத்துக்கு மேல வண்டில இருக்கக்கூடாதுன்னு வழிகாட்டுதலும் இருக்கு. அந்த நாட்டு ரோடும் நம்ம ரோடும் வேற, பஸ்ஸுக்கு காசு குடுக்குற முறையும் வேற. ஆனா யாரோ ஒருத்தரு உக்காந்து நிமிஷத்த எண்ணியிருக்காங்கல்ல. நம்ம பி1 பதிவுல 640 மீட்டரா 660 மீட்டரான்னு சண்ட, பஸ்ல 57 நிமிஷமா 27 நிமிஷமாங்கறத கம்பெனியும் டிரைவரும் பஸ் நிறுத்துற எடமும் சேந்து முடிவு பண்ணிடுது.

பஸ் நிறுத்துற எடம்னு சொன்னேன்ல, அதுதான் கடைசில எல்லாத்தையும் மாத்துனது. நம்ம அங்கிள் பஸ்ஸ ராத்திரி ஜாலான் காயு பக்கம் நிறுத்துவாரு, காலைல அங்கேர்ந்து எடுத்தா ஃபெர்ன்வேல்தான் கிட்ட, அதனாலதான் நாம மொத ஸ்டாப்பு. வேற எந்தக் காரணமும் இல்ல. ஜூன் லீவுல அங்கிள் வேலைய விட்டுட்டாரு, முழங்கால் ஆப்பரேஷன். புதுசா வந்தவரு ஜொகூர்லேர்ந்து வந்து இங்க தங்கியிருக்குற தமிழ் அண்ணன், பஸ்ஸ ரிவர்வேல் பக்கம் நிறுத்துறாரு. மூணாம் தவணை தொடங்குறப்ப புது நேரப் பட்டியல் வந்துச்சு. ரூட்டு அப்படியே தலைகீழ். ரிவர்வேல், காம்பஸ்வேல், ஆங்கர்வேல், ஃபெர்ன்வேல் கடைசி, அங்கேர்ந்து நேரா புவாங்கோக் வழியா ஹவ்காங். மருமகன் ஏறுறது 6:34க்கு. 20 நிமிஷம். நான் போட்ட பேப்பரு, குரூப்புல வாங்குன திட்டு, வாங்குன பூஸ்டர் சீட்டு எதுவும் பண்ணாதத ஒருத்தரோட முழங்காலு பண்ணிடுச்சு.

இப்ப காலைல ஒரு கப்பு மைலோ குடிச்சிட்டுத்தான் கெளம்புறான். பாட்டில் காலியா வருது, சில நாள் பாட்டிலே வரல, தொலைச்சுடுறான். டீச்சர் கடைசியா போட்ட மெசேஜு கிளாஸ்ல ரொம்பப் பேசுறான்னு.

பட்டியல நான் இன்னொரு தடவ பாத்தேன், பழக்கதோஷம். மொத ஸ்டாப்பு இப்ப ரிவர்வேல், நேரம் 6:02. அங்க ஏறுறது குரூப்புல எங்களுக்கு காசே வாசலுக்குத்தான்னு சொன்னவரோட பொண்ணு, பிரைமரி ரெண்டு. அவரு நம்பரு என்கிட்ட இருக்கு. பாப்பா தண்ணி குடிக்குதான்னு கொஞ்சம் பாருங்கன்னு டைப் பண்ணி வச்சிருக்கேன், மூணு நாளாச்சு, இன்னும் அனுப்பல.